சடையாண்டி கேட்ட வாட்ச்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னது என் சம்பந்தியம்மா தவமணி. என் சின்ன மகள் கல்யாணம் முடிந்து, மறுவீட்டு விருந்தன்று, சாப்பாடு ஆன பிறகு எல்லாரும் பாயில் உட்கார்ந்திருந்தோம். மாப்பிள்ளைக்குக் காற்றாலையில் ஏறி இறங்குகிற வேலை. வெயிலுக்கும் மழைக்கும் தாங்குகிற வாட்ச் ஒன்று வாங்கித் தர வேண்டும் என்று என் மூத்தவன் போனில் படம் படமாகத் தள்ளிக்கொண்டிருந்தான். அதைப் பார்த்துவிட்டுத்தான் சம்பந்தியம்மா ஆரம்பித்தார். அவர் சொன்ன மாதிரி எனக்குச் சொல்ல வராது. சாமியை வேண்டிக்கொண்டு, மனசில் நின்ற வரைக்கும் எழுதுகிறேன்.

சின்னமனூருக்குப் பக்கத்தில் மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஆசிரமம் இருந்ததாம். அதை நடத்திவந்த அம்மாவை எல்லாரும் சாமியம்மா என்றே கூப்பிட்டார்கள். வயது நாற்பதுக்கு மேல் இருக்காது. அவரைத் தேடி வந்தவர்களில் பாதிப்பேர் அவரைவிட மூத்தவர்கள். அவர்களை அண்ணே என்றும் அக்கா என்றும்தான் கூப்பிடுவார்.

அப்படி வருகிறவர்களில் ஒருவர் சடையாண்டி. ஐம்பது தாண்டியவர். மலைமேல் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கரண்டு வேலை. லீவு கிடைக்கிறபோதெல்லாம் இறங்கி வந்து, ஆசிரமத்தைக் கூட்டி, செடிகளுக்குத் தண்ணீர் விட்டு, சாமியம்மா சொல்வதைக் கேட்டுவிட்டுப் போவார்.

ஒருநாள் வந்ததும் வராததுமாகக் கேட்டார்.

"அம்மா, மலைக்கும் மழைக்கும் தாங்கணும். ஒரு நிமிஷம்கூடப் பிசகக் கூடாது. அப்படி ஒரு வாட்ச் எதும்மா?"

சாமியம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கடையில் விசாரித்தீர்களா என்று கேட்டார்.

விசாரித்திருந்தார். சின்னமனூரில் ஒரு கடை விடாமல் ஏறி இறங்கிவிட்டுத்தான் வந்திருந்தார். ஒரு கடைக்காரர் வாட்சைத் தரையில் போட்டு மிதித்தே காட்டினாராம். இன்னொருவர் தண்ணீர் டம்ளருக்குள் ஒன்றைப் போட்டு, அது ஓடுவதைப் பார்க்கச் சொன்னாராம். சடையாண்டியின் கேள்விகளைக் கேட்டு, உங்களுக்கு மலையில் வேலையா, கடலுக்கு அடியில் வேலையா என்று கிண்டலும் செய்தாராம். ஸ்டீல் செயின் கரண்டு வேலைக்கு ஆகாது. தோல் வார் ஒரு மழைக்காலம் வந்தால் ஊறி நாறிவிடும். ரப்பர் வார் பரவாயில்லை. ஆனால் பேட்டரி வாட்ச் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுமோ என்று பயம். கடைசியாக, வெயிலிலேயே சார்ஜ் ஏறுகிற ஒன்றைக் காட்டினார்களாம்.

"உங்க மலைக்கு வெயிலையும் சேர்த்துக் குடுப்பாங்களாண்ணே?" என்றார் சாமியம்மா.

சடையாண்டிக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் ஏன் கேட்கிறார் என்று சாமியம்மாவுக்குத் தெரியும். ஆசிரமத்துக்கு வருகிற எல்லாருக்குமே தெரியும்.

சடையாண்டியும் இன்னாசியும் எஸ்டேட்டில் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். இன்னாசி கம்பத்தில் ஏறுவார். சடையாண்டி கீழே சுவிட்ச் ரூமில் இருப்பார். ஏறப் போகும்போது இன்னாசி கரண்டை நிறுத்தி, ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விடுவார். வேலை முடிந்து அவரே நடந்து வந்து, கட்டையைச் சடையாண்டி கையில் கொடுத்தால்தான் மறுபடியும் கரண்டு. மலையில் அது லேசான நடை இல்லை. வந்ததும் இரண்டு பேரும் டீ குடிப்பார்கள்.

பிறகு ஒரு தீபாவளி போனஸில் இருவரும் ஒரே மாதிரி வாட்ச் வாங்கினார்கள். சாவி கொடுக்கிற வாட்ச். அதன்பின் இன்னாசி ஃபியூஸ் கட்டையைக் கீழேயே வைத்துவிட்டு, "நாலு மணிக்குப் போட்டுரு. அதுக்குள்ள இறங்கிருவேன்" என்று சொல்லிவிட்டுப் போவார். வாட்சைப் பார்த்து இவர் கரண்டைப் போடுவார். நடை மிச்சம். வருஷக்கணக்காக ஒரு குறையும் வரவில்லை.

போன ஐப்பசியில் நல்ல பனிமூட்டம். சடையாண்டியின் வாட்சில் ஈரம் இறங்கியதோ என்னவோ, அது முந்தி ஓடிவிட்டது. அதில் நாலு ஆனதும் கரண்டைப் போட்டார். இன்னாசி அப்போது கம்பத்தில்தான் இருந்தார். உயிர் பிழைத்தது. இடது கையை எடுத்துவிட்டார்கள்.

விசாரிக்க வந்தவர்கள் வாட்ச் பழுது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சடையாண்டியும் அதையே பிடித்துக்கொண்டார். வாட்சைக் கழற்றி ஓடையில் எறிந்தார். இன்னாசி சின்னமனூரில் மகள் வீட்டில் இருந்தார். வாட்ச் கடைக்கெல்லாம் போன சடையாண்டி, அந்த வீட்டுப் பக்கம் ஒரு தரமும் போகவில்லை.

இப்போது அடுத்த வாரத்திலிருந்து மறுபடியும் சுவிட்ச் ரூம் வேலை. கம்பத்தில் ஏறப் புதிய ஆள் வருகிறான். சுவிட்சைத் தொடவே சடையாண்டிக்குப் பயம். பிசகாத வாட்ச் ஒன்று கையில் ஏறிவிட்டால் அந்தப் பயம் போய்விடும் என்று நம்பியிருந்தார்.

சாமியம்மா கீரையை வைத்துவிட்டு உள்ளே போனார். ஒரு வாட்சோடு வந்தார். வெளிநாட்டில் இருக்கிற ஒருவர் கொடுத்தது. சாமியம்மா அதைக் கட்டுவதில்லை, அலமாரியில் கிடந்தது. கனமான கண்ணாடி, பெரிய நம்பர், ரப்பர் வார். சடையாண்டி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைகளில் இந்த மாதிரி ஒன்றைத்தான் அவர் தேடினார்.

"கட்டிக்கங்கண்ணே," என்றார் சாமியம்மா. "நான் மாடியில தண்ணித் தொட்டியைக் கழுவப் போறேன். நீங்க மோட்டார் ரூமுல நில்லுங்க. பெரிய முள்ளு ஆறுக்கு வந்ததும் சுவிட்சைப் போட்டுருங்க. நான் அதுக்குள்ள வெளிய வந்துருவேன்."

சொல்லிவிட்டுத் துடைப்பத்தோடு ஏணியில் ஏறிப் போய்விட்டார்.

மோட்டார் ரூம் கட்டிடத்துக்குப் பின்னால். அங்கிருந்து தொட்டி தெரியாது. சடையாண்டி வாட்சையே பார்த்துக்கொண்டு நின்றார். அருமையாக ஓடியது. முள் ஆறுக்கு வந்தது. சுவிட்சில் கையை வைத்தார். எடுத்துவிட்டார்.

வெளியே வந்து அம்மா என்று கூப்பிட்டார். பதில் இல்லை. இன்னொரு தரம் சத்தமாகக் கூப்பிட்டுவிட்டு, ஏணியில் விறுவிறுவென்று ஏறினார்.

சாமியம்மா தொட்டிக்குள்ளே, கழுவிய தரையில், காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"ஏண்ணே, முள்ளு ஆறுக்கு வரலையா?"

"தாண்டிருச்சும்மா."

"அப்ப வாட்ச் சரியில்லையோ?"

"வாட்சுக்கு என்னம்மா, நல்லா ஓடுது."

"பின்ன ஏன் போடல?"

"நீங்க வெளிய வந்தீங்களா இல்லையான்னு எனக்குத் தெரியலையே. வாட்ச் மணியைத்தானம்மா காட்டும். நீங்க வந்ததை அது எப்படிக் காட்டும்?"

சொல்லி முடித்ததும் சடையாண்டி தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டார். சாமியம்மா எழுந்திருக்கவில்லை.

பிறகு சடையாண்டி அவராகவே பேசினார்.

"அன்னைக்குப் பனிம்மா. கூப்பிட்டாலும் கேட்டிருக்காது."

"சரிண்ணே."

"நடந்து போய்ப் பார்த்திருக்கலாம். வழியெல்லாம் அட்டைக் கடி. அதோட டீ வேற கொதிச்சுக்கிட்டிருந்துச்சு."

சாமியம்மா துடைப்பத்தை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"டீ ரெண்டு பேருக்கும்தாம்மா போட்டேன்," என்றார் சடையாண்டி.

சாமியம்மா வெளியே வந்தார். சடையாண்டி முதலில் இறங்கி ஏணியைப் பிடித்துக்கொண்டார். இருவரும் மோட்டார் ரூமுக்குப் போனார்கள். சாமியம்மா பக்கத்தில் நிற்க, சடையாண்டி சுவிட்சைப் போட்டார். மேலே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

பிறகு அவர் வாட்சைக் கழற்றினார். வலது கையால் வாரை இழுத்து, கொக்கியை விடுவித்து, சாமியம்மாவிடம் நீட்டினார். சாமியம்மா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேலைக்கு ஒரு வாட்ச் வேணும்தானேம்மா," என்றார் சடையாண்டி.

"வேணும்ணே. வாட்ச் இல்லாம எப்படி வேலைக்குப் போறது?"

"அப்ப எதும்மா வாங்கட்டும்?"

சாமியம்மா வாட்சை வாங்கி மடியில் செருகிக்கொண்டார்.

"எனக்கு ஒரு சந்தேகம்ணே. ஒத்தைக் கை உள்ளவங்க தானா வாட்ச் கட்டிக்க முடியுமா, இல்ல யாராச்சும் கட்டிவிடணுமா? இன்னாசியண்ணனைக் கேட்டுட்டு வந்து சொல்லுங்க. எந்த வாட்ச்னு அப்புறம் சொல்றேன்."

சடையாண்டி தொட்டி நிறைந்து தண்ணீர் வழிகிற வரைக்கும் அங்கேயே நின்றார்.

சம்பந்தியம்மா இதோடு நிறுத்திவிட்டார். சடையாண்டி போனாரா என்று என் மகன் கேட்டான்.

"அன்னைக்குச் சாயங்காலம் சின்னமனூர் பஸ்ஸுக்கு நின்னதை எங்க அண்ணன் பார்த்திருக்காரு," என்றார் சம்பந்தியம்மா. "ஏறினதைப் பார்க்கல."

என் மகன் போனை அணைத்துக் கீழே வைத்தான்.

இதைப் படிக்கிறவர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம். இன்றைக்கு விளக்கேற்றும்போது இன்னாசி, சடையாண்டி என்று இரண்டு பெயரையும் சொல்லி வேண்டிக்கொள்ளுங்கள்.