குவியலுக்குள் ஒரு ராஜா

மலைகள் உயரம் போதாமல் இன்னும் வளர்ந்துகொண்டிருந்த காலம். மேகங்கள் ஊருக்குள் இறங்கி வந்து, வாசலுக்குத் தண்ணீர் தெளித்துவிட்டுப் போகிற காலம். அந்தக் காலத்தில் கருஞ்சோலை என்று ஒரு நாடு இருந்தது. நாடு முழுக்க நாவல் மரம். ராஜாவின் பெயர் மகிழவர்மன். எதற்கெடுத்தாலும் சிரிப்பார். நாவல்பழத்தைக் கண்டால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சிரிப்பார்.

அந்த நாட்டில் பழம் மரத்திலிருந்து இறங்கினதும் நேராக ராஜா வாய்க்குப் போய்விடாது. நடுவில் பவளாயி இருந்தாள். அரண்மனைப் பழக்கொட்டகையில் தோல் பார்ப்பது அவள் வேலை. வெடிப்பு உண்டா, நசுங்கல் உண்டா, பூச்சி துளைத்த புள்ளி உண்டா என்று ஒவ்வொரு பழமாகப் பார்ப்பாள். கையால் தொடவே மாட்டாள். முறத்தில் போட்டு, முறத்தைச் சாய்த்து உருட்டிப் பார்ப்பாள், திருப்பிப் பார்ப்பாள், உற்றுப் பார்ப்பாள். அப்புறம் "ம்" என்பாள், இல்லையென்றால் "ம்ஹூம்" என்பாள். "ம்" என்றால் அரண்மனைக்கு. "ம்ஹூம்" என்றால் ஆட்டுக்கு. அவளைக் கண்டால் ஆடுகள் ஓடி வரும். தோட்டக்காரர்கள் ஓடிப் போவார்கள்.

ஒருநாள் காலை, அன்றைக்குப் பறித்த பழமெல்லாம் கொட்டகையில் மலைபோலக் குவிந்திருந்தபோது, மந்திரவாதி மினுக்கன் வந்து சேர்ந்தான். முகம் எண்ணெய் தேய்த்த பித்தளைச் செம்பு மாதிரி பளபளத்தது. கையில் ஒரு கோல், தோளில் ஒரு கூடை.

"ஏ பெண்ணே, இனிமேல் அரண்மனைக்கு என் பழம்தான் போகவேண்டும். பார்!"

பவளாயி பார்த்தாள். பழத்துக்குள் அவள் முகமே தெரிந்தது. உருட்டிப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள், உற்றுப் பார்த்தாள்.

"ம்ஹூம்."

"ஏனாம்?"

"புதுசாகப் பறித்த பழத்தின் மேல் பனி படிந்த மாதிரி வெள்ளையாக மாவு பூத்திருக்கும், ஐயா. இது நாலு நாள் பழம். தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கியிருக்கிறீர்கள்."

மினுக்கன் கோலை ஆட்டினான். பழமெல்லாம் வெள்ளையாகிவிட்டது. அவள் மறுபடி உருட்டிப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள், உற்றுப் பார்த்தாள். அதற்குள் கூடையைச் சுற்றி எறும்பு வரிசை கட்டிவிட்டது.

"ம்ஹூம். இது அரிசி மாவு."

மினுக்கன் பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாம் முறை கோலை ஆட்டினான். பழங்கள் ஒன்றாகச் சேர்ந்து "எங்களை எடு, எங்களை எடு" என்று ராகம் போட்டுப் பாட ஆரம்பித்தன. கொட்டகையில் இருந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். பவளாயி மட்டும் தலையை ஆட்டினாள்.

"ம்ஹூம். பாடுகிற பழத்துக்கு உள்ளே ஏதோ சரியில்லை."

வாசலில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த ராஜா வெடித்துச் சிரித்தார். தொந்தி குலுங்கியது, கிரீடம் குலுங்கியது, கொட்டகைக் கூரையே குலுங்கியது.

"சிரிக்கிறாயா?" என்று மினுக்கன் திரும்பினான். "ஜீம்! ஜூம்! ஜாம்!"

கிரீடம் மட்டும் தரையில் உருண்டது. ராஜாவைக் காணோம். ராஜா நின்ற இடத்தில் ஒரு நாவல்பழம். அது துள்ளிப் போய்க் குவியலில் விழுந்தது. குவியல் தன்னால் ஒரு சுற்றுச் சுற்றி ஓய்ந்தது.

"உங்கள் ராஜாவைக் கண்டுபிடியுங்கள்" என்றான் மினுக்கன். "மூன்றே முறைதான் சொல்லலாம். பொழுது சாய்ந்தால் பழத்தின் தோல் சுருங்கிவிடும். சுருங்கினால் அப்புறம் நானே நினைத்தாலும் அவர் ராஜாவாக முடியாது." தன் பழத்தை வாசலுக்கு வெளியே கொட்டிவிட்டு, கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

முதலில் மந்திரி பணிவுடையார் வந்தார். குவியலைச் சுற்றி மூன்று தடவை நடந்தார். "மகாராஜாவின் உடம்புக்குப் பெரிய பழமாகத்தான் இருக்கவேண்டும்" என்று கோழிமுட்டை அளவில் இருந்த ஒரு பழத்தை எடுத்துப் பட்டுத் தலையணையில் வைத்து, குனிந்து கும்பிட்டு, "இவர்தான் எங்கள் ராஜா!" என்றார்.

பட்டென்று பழம் வெடித்தது. மந்திரியின் வெள்ளை மீசை ஊதா மீசையானது.

அடுத்து ராணி வந்தாள். "அத்தான்! நான் கூப்பிடுவது கேட்கிறதா, அத்தான்?" என்று குவியலின்மேல் சாய்ந்து அழுதாள். ஓரமாகக் கிடந்த ஒரு பழம் இலேசாக அசைந்தது.

"அசைந்தார்! என் குரல் கேட்டதும் அசைந்தார்! இவர்தான் எங்கள் ராஜா!" என்று உள்ளங்கையில் ஏந்தினாள்.

பழத்தில் ஒரு துளை விழுந்தது. துளையிலிருந்து ஒரு புழு தலையை நீட்டி ராணியைப் பார்த்தது. ராணி போட்ட கூச்சலில் மரத்திலிருந்த மிச்சப் பழமும் உதிர்ந்தது.

மினுக்கன் தொடையைத் தட்டிச் சிரித்தான். ராணி பவளாயி பக்கம் திரும்பினாள். "எல்லாம் உன்னால் வந்தது. அந்தக் கூடைக்கு ஒரு 'ம்' சொல்லியிருந்தால் குறைந்தா போயிருப்பாய்?"

பவளாயி தரையில் கிடந்த கிரீடத்தைப் பார்த்தாள். உண்மைதானே, ஒரே ஒரு "ம்". வாயைத் திறக்கக்கூட வேண்டாம். ஆனால் நாலு நாள் பழத்தைப் புதுப்பழம் என்று எப்படிச் சொல்வது? முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மகாராணி, இனி யாரும் குவியலைத் தொடாதீர்கள். என் முறத்தை மட்டும் எடுத்துத் தாருங்கள்."

உச்சிவெயில் ஏறியது. அவள் உருட்டிப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள், உற்றுப் பார்த்தாள். வெடித்த பழத்திலும் ராஜா இல்லை, நசுங்கின பழத்திலும் இல்லை. ஒவ்வொன்றும் வெறும் பழம்தான். வெயில் இறங்கியது. கழுத்து வலித்தது. நல்ல பழங்கள் மட்டும் மிஞ்சின. எல்லாம் ஒரே நிறம், ஒரே மாவு, காம்பு இருந்த இடத்தில் ஒரே மாதிரி வடு.

அப்போதுதான் அவள் பார்வை பழத்தை விட்டு, பழத்தின்மேல் இருந்த தடங்களுக்குப் போனது. பறிக்கிறவர் விரல் பட்ட இடத்தில் மாவு கலைந்து, ஒரு பக்கம் கட்டைவிரல், மறுபக்கம் ஆள்காட்டிவிரல் என்று இரண்டு தடம் விழுந்திருக்கும். இத்தனை வருஷமாக அதைப் பார்த்துப் பார்த்து, யார் பறித்த பழம் என்றே அவளுக்குத் தெரியும்.

"இது மாடக்கண்ணு அண்ணன் விரல், அகலமாக இருக்கும். இது எசக்கியம்மை, நகம் கீறியிருக்கும். இது செவத்தான், ஒரு விரல் பாதிதான்." ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி ஒதுக்கினாள். மாடக்கண்ணு, எசக்கியம்மை, செவத்தான். மாடக்கண்ணு, எசக்கியம்மை, செவத்தான்.

மினுக்கன் சிரிப்பை நிறுத்தினான். கூடையிலிருந்து எழுந்தான்.

முறத்தின் ஓரத்தில் ஒரு பழம் உருண்டு நின்றது. அழகான பழம். சுற்றிலும் மாவு கொஞ்சமும் கலையவில்லை. ஒரு தடம்கூட இல்லை.

"யாருமே பறிக்காத பழம் குவியலுக்கு எப்படி வந்தது?"

"அது சொத்தைப் பழம்!" என்று மினுக்கன் கத்தினான். "ஆட்டுக்குப் போடு! சீக்கிரம் போடு!"

வெளியே பொழுது மலையைத் தொட்டுவிட்டது. பழத்தின் அடியில் மெல்லிதாக ஒரு சுருக்கம் கிளம்பியது. பவளாயி வாழ்க்கையில் முதல்முறையாக விரலை நீட்டி ஒரு பழத்தைத் தொட்டாள்.

"இவர்தான் எங்கள் ராஜா."

ஜாம்! ஜூம்! ஜீம்! முறம் இரண்டாக உடைந்தது. நடுவில் ராஜா உட்கார்ந்திருந்தார். தலை முதல் கால் வரை வெள்ளை மாவு. மூக்கின்மேல் பவளாயியின் விரல் தடம்.

"காலையிலிருந்து ஒரு தடியன் பழம் என் தலைமேல் உட்கார்ந்திருந்தது" என்றார் ராஜா. ராணி அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு பவளாயி கையைப் பிடித்துக்கொண்டு, "நான் சொன்னதை மனதில் வைக்காதே அம்மா" என்றாள்.

மந்திரம் முறிந்ததும் மினுக்கனின் மினுமினுப்பும் கழன்றுவிட்டது. கன்னம் நாலு நாள் பழம் மாதிரி சுருங்கி, தாடி நரைத்து, ஒரு கிழவன் தரையில் உட்கார்ந்து தேம்பினான்.

"எங்கே தப்பு செய்தேன்? காம்பு வடுகூட வைத்தேனே!"

"தப்பே இல்லை, ஐயா" என்றாள் பவளாயி. "ஒரு மனுஷர் கைதான் படவில்லை."

ராஜா அவனைச் சிறையில் போடவில்லை. கோலைப் பிடுங்கிக்கொண்டு, கையால் பழம் பறிக்க மரத்தில் ஏற்றிவிட்டார். மூன்றாம் நாள் அவன் பறித்த ஒரு பழத்தைப் புது முறத்தில் உருட்டிப் பார்த்துப் பவளாயி "ம்" என்றாள். கேட்ட சந்தோஷத்தில் கிழவன் கிளையிலிருந்து விழப் பார்த்தான்.

"உனக்கு என்ன வேண்டும், கேள்" என்று அதே நாள் பவளாயியிடம் சொன்னார் ராஜா. பவளாயி யோசித்தாள். "பறிக்கிறவர்கள் இதுவரை ஒரு நல்ல பழத்தை வாயில் வைத்ததில்லை, மகாராஜா. ஒவ்வொரு பறிப்பிலும் முதல் கூடை அவர்களுக்குப் போகட்டும்." ராஜா சரியென்றார். பவளாயிக்கு வீடும் தோட்டமும் பத்து ஆடும் சேர்த்துக் கொடுத்தார். அன்று சாயங்காலம் மாடக்கண்ணுவும் எசக்கியம்மையும் செவத்தானும் ராணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாக்கு ஊதாவாகும் வரை தின்றார்கள்.

ராஜாவும் தின்றார். ஆனால் அன்றிலிருந்து ஒரு வழக்கம் வந்துவிட்டது. ஒவ்வொரு பழத்தையும் வாயருகே கொண்டுபோய், "உள்ளே யாராவது இருக்கிறீர்களா?" என்று மரியாதையாகக் கேட்பார். எந்தப் பழமும் இதுவரை பதில் சொன்னதில்லை. இருந்தாலும் ராஜா கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத்தான் வாயில் போடுவார்.