கடலடி அடுப்பைத் துலக்கிய வடிவாம்பாள்

முன்னொரு காலத்திலே, கடல் தண்ணீர் இன்னும் இவ்வளவு கரிக்காத காலத்திலே, பவழமேடு என்று ஒரு ராஜ்யம் இருந்தது. அந்த ராஜ்யத்தில் பாத்திரங்களுக்கு ஈயம் பூசும் வடிவாம்பாள் என்று ஒருத்தி இருந்தாள். கறுப்பாக எதைக் கண்டாலும் அவள் கை சும்மா இராது. சட்டியின் கரியைத் தேய்ப்பாள், விளக்கின் புகையைத் தேய்ப்பாள். ஒருமுறை அரண்மனை யானையின் காலைக்கூடப் புளி போட்டுத் தேய்த்துவிட்டாள். யானை சிரித்ததாம். பாகன் சிரிக்கவில்லை.

அவள் புருஷன் சிங்காரம் மீன் பிடிப்பவன். தங்கமான மனுஷன், வாய்தான் அடங்காது. ஒருநாள் அவன் ஆழத்திலிருந்து இழுத்த வலை கன்னங்கரேலென்று வந்தது. "எந்தச் சோம்பேறி வீட்டு அடுப்புக் கரிடா இது? கூட்டித் துடைக்க நாதியில்லையா?" என்று கடலைப் பார்த்துக் கத்தினான். வம்பை விலை கொடுத்து வாங்குவது என்றால் இதுதான்.

அந்த வீடு அனலப்பன் என்ற பூதத்தின் வீடு. கடலின் அடியில், பூமி வெடித்த இடத்தில், அவன் அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும். இரும்பும் செம்பும் துத்தநாகமும் கரைந்த கொதிநீர் அதன் புகைபோக்கி வழியே கரும்புகையாகக் குபுகுபுவென்று வரும். பூதத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சிங்காரத்தைப் பிடித்து ஒரு செம்புக் குடமாக்கி அடுப்போரம் வைத்துவிட்டான்.

வலை மட்டும் கரை ஒதுங்கியதைக் கண்ட வடிவாம்பாள் கடலைப் பார்த்து நின்று, "என் புருஷனைக் கொடு!" என்று மூன்று தரம் கூவினாள். மூன்றாம் தரம் பூதம் தலையைத் தூக்கியது.

"அந்த வாயாடியோட பெண்சாதியா நீ? மூணாம் நாள் எனக்குப் பெண் கொடுக்க வர்றாங்க. அதுக்குள்ளே என் அடுப்பை முகம் தெரியறாப்பல துலக்கு. பொட்டுக் கரி மிச்சமிருந்தாலும் உன் புருஷன் குடம்தான்!"

"இவ்வளவுதானா பூதத்தண்ணே? புளி நானே கொண்டு வர்றேன்" என்றாள் வடிவாம்பாள்.

பூதம் கொடுத்த சங்குக் குல்லாயை மாட்டிக்கொண்டால் தண்ணீருக்கடியிலும் மூச்சு விடலாம். அவள் இறங்கினாள். புளி போடு, சாம்பல் போடு, தேய் தேய் தேய்! "தாயே, தேய்க்காதே! நாங்க குடியிருக்கோம்!" என்று ஒரு மெல்லிய குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தாள், யாரும் இல்லை. "கரிக்கு ஏது வாய்?" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாள். அன்று சாயங்காலம் அடுப்பில் ஒட்டியிருந்த வெள்ளை நண்டுகளெல்லாம் சாப்பாடு இல்லாமல் வேறு ஊருக்குப் போய்விட்டன.

இரண்டாம் நாள். புளி போடு, சாம்பல் போடு, தேய் தேய் தேய்! "தாயே, தேய்க்காதே! நாங்க குடியிருக்கோம்!" அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அன்று இறால்கள் மூட்டை கட்டின. மேலே மீன் பிடிக்கப் போனவர்கள் வெறும் வலையோடு திரும்பினார்கள்.

மூன்றாம் நாள் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரே ஒரு கரிப்பொட்டுதான் மிச்சம். வடிவாம்பாள் புளியை எடுத்தாள். "தாயே, இனி ஒதுங்க எங்களுக்கு இடமில்லை" என்று குரல் அழுதது. அவளுக்கு மனசு கேட்கவில்லை. காதைக் கிட்டே வைத்து, "யார் நீங்க?" என்று கேட்டாள்.

"கண்ணுக்குத் தெரியாத குடிங்க தாயே. கந்தகமும் இரும்பும்தான் எங்க சோறு; நண்டுக்கும் இறாலுக்கும் நாங்கதான் சோறு. புகையிலே வர்ற இரும்பை எச்சில் தொட்டுப் பொட்டலம் கட்டி மிதக்க விடுவோம். அது காத தூரம் போய்ப் பாசிக்கு உரமாகும். பாசியைப் பொடிமீன் தின்னும், பொடிமீனைப் பெருமீன் தின்னும், பெருமீனை உன் புருஷன் பிடிப்பான். நாங்க இல்லேன்னா இரும்பெல்லாம் இங்கேயே விழுந்துடும்."

வடிவாம்பாள் கீழே பார்த்தாள். அடுப்பைச் சுற்றி உலோகத்தூள் முழங்கால் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. அழுக்கு என்று நினைத்து ஒரு ஊரையே துடைத்துவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"வடிவு! சீக்கிரம் தேயேன், முதுகு வலிக்குது!" என்று குடத்துக்குள்ளிருந்து சிங்காரம் கத்தினான்.

"ஏங்க, இதைத் தேய்ச்சா நீங்க வந்துடுவீங்க. மீன் வராதுங்க. ஊரே பட்டினி கிடக்கும்" என்று அவள் விம்மி விம்மி அழுதாள்.

குடம், "அப்போ விட்டுடு வடிவு. குடத்துக்குப் பசிக்காது" என்றது. "ஆனா ஒண்ணு. என்னைப் பக்கத்து வீட்டுக்காரிக்கு இரவல் கொடுத்துடாதே. அவ கையிலே எதுவும் நசுங்காம திரும்பாது."

வடிவாம்பாள் புளியைத் தூக்கி எறிந்தாள்.

"தாயே, அந்தக் குடத்தைக் கொஞ்சம் எங்க பக்கம் சாய்ச்சு வை" என்றது குரல். "மந்திரம் போட்டாலும் செம்பு செம்புதானே? எங்களிலே செம்பைக் கரைக்கிற கெட்டிக்காரங்களும் இருக்காங்க!"

சாய்த்து வைத்தாள். ஒன்று இரண்டாச்சு, இரண்டு நாலாச்சு, நாலு நாலாயிரமாச்சு. குடத்தின் விளிம்பு போயிற்று, கழுத்து போயிற்று, வயிறு போயிற்று. "ஐயோ, கூசுதே!" என்று குதித்துக்கொண்டு சிங்காரம் முழு ஆளாக நின்றான். அவள் சட்டென்று தன் குல்லாயின் பாதியை அவன் தலையிலும் இழுத்து மாட்டினாள்.

"என் மந்திரத்தைத் தின்னது யாருடா?" என்று பூதம் கையை ஓங்கிக்கொண்டு ஓடி வந்தது. அந்த நேரம் பார்த்துப் பெண் வீட்டார் ஆமைகளில் வந்து இறங்கினார்கள். பெண்ணின் தாய் பளபளக்கும் அடுப்பை மேலும் கீழும் பார்த்தாள்.

"இது சமைக்கிற வீடு மாதிரியே தெரியலையே! வாங்கடி, போகலாம்."

பூதத்துக்குத் தண்ணீருக்கடியிலேயே வியர்த்தது. வடிவாம்பாள் ஓடிப்போய்க் கரிப்பொட்டைக் காட்டினாள். செம்பு விருந்தில் பெருகிய குடிகள் அதற்குள் பாதி அடுப்பில் பரவியிருந்தார்கள். கரும்புகை மிதந்து எழுந்தது. இறால்கள் திரும்பி வந்துகொண்டிருந்தன.

"அட, இப்பத்தான் வீடு வீடா இருக்கு" என்றாள் பெண்ணின் தாய். மணப்பெண் வெட்கப்பட்டாள்.

பூதம் ஓங்கிய கையைக் கூப்பியது. "தங்கச்சி, உன் புருஷனைக் கூட்டிக்கிட்டுப் போ. அந்தக் கரியிலே மட்டும் கை வைக்காதே!"

கடலில் கல்யாணம் நடந்தது, கரையில் மீன் குவிந்தது. பவழமேட்டில் அன்று உலை கொதிக்காத வீடில்லை. நம் வீட்டு உலையும் அப்படியே கொதிக்கட்டும். வடிவாம்பாள் அதற்குப் பிறகும் பாத்திரம் துலக்கினாள். ஆனால் கரிச்சட்டி எது வந்தாலும் முதலில் காதை வைத்து, "உள்ளே யாராச்சும் குடியிருக்கீங்களா?" என்று மூன்று தரம் கேட்பாள். பதில் வராவிட்டால்தான் புளியைத் தொடுவாள்.