காலண்டர் பூங்கோதை

இரண்டாயிரத்து நாலில், கிண்டியில் நாங்கள் ஆறு பேர் ஒரு வங்கிக்கு ஜாவாவில் இணையதளம் செய்துகொண்டிருந்தோம். அதில் வரும் காலண்டர், பட்டியல் எல்லாம் ஓப்பன் சோர்ஸ். உலகத்தில் யார் யாரோ எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் விட்டவை.

புதிதாக வந்த டைரக்டர் வைத்தியலிங்கத்துக்கு அது பிடிக்கவில்லை. "ஊர் பேர் தெரியாதவன் எழுதினது நமக்கு எதுக்கு? கோளாறுன்னா யார் போனை எடுப்பான்? சாயங்காலத்துக்குள்ள ஒரு நம்பர் காட்டுங்க. இல்லேன்னா எல்லாத்தையும் தூக்கிட்டு விலைக்கு வாங்கிடலாம்."

எட்டு மாத உழைப்பு. எல்லாம் வீணாகிவிடும். எங்களில் சோதனைப் பிரிவிலிருந்த பூங்கோதை மட்டும் ஒரு சீட்டில் நம்பர் எழுதி நீட்டினாள்.

"காலண்டரைப் பார்த்துக்கிறவங்க நம்பர், சார்."

ஒப்பிட்டுப் பார்க்க, வைத்தியலிங்கம் முதலில் இதே மாதிரி காலண்டரை விலைக்கு விற்கிற கம்பெனியைக் கூப்பிட்டார். கால் மணி நேரம் வெறும் இசைதான் கேட்டது. அடுத்து பூங்கோதை தந்த நம்பரைச் சுழற்றினார். அவள் மேஜையிலிருந்த போனே அடித்தது. போய் எடுத்தாள்.

"சொல்லுங்க சார், என்ன கோளாறு?"

"விளையாடுறியாம்மா?"

அவள் அந்தக் காலண்டரின் இணையப் பக்கத்தைத் திறந்து காட்டினாள். பராமரிப்பவர்கள் நாலு பேரில் மூன்றாவது பெயர் அவளுடையது.

"ஊர் சாத்தூர் சார், பேர் பூங்கோதை."

வாங்குகிற பேச்சை அவர் அதோடு விட்டார். நாங்கள் அவளைக் கீழே டீக்கடைக்குக் கூட்டிப்போய், பஜ்ஜி தீரும்வரை சிரித்தோம். இன்று ஆறு பேரும் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறோம். அப்படிச் சேர்ந்து சிரிக்க அப்புறம் வாய்க்கவே இல்லை.