கோணவாய்க்கால் ஆபீசும் மஞ்சள் ஸ்பேஸ்பாரும்

கோணவாய்க்கால் பேரூராட்சி ஆபீசில் மூணு பேர் வேலை பார்த்தார்கள். அதாவது, மூணு பேர் கையெழுத்துப் போட்டார்கள். தலைமை எழுத்தர் வைகுண்டநாதன், அவருக்குக் கீழே சேர்மக்கனி, பூவலிங்கம். மூவருக்கும் சேர்த்து ஒரே கம்ப்யூட்டர்.

வைகுண்டநாதன் பதினோரு வருஷம் ஊர் ஊராக அலைந்துவிட்டு, போன சித்திரையில்தான் சொந்த ஊருக்கு வந்திருந்தார். "இன்னொரு டிரான்ஸ்பர் வந்தா நீங்க மட்டும் போங்க, நான் வரமாட்டேன்" என்று சம்சாரம் சண்பகம் கறாராகச் சொல்லிவிட்டாள். அதிலிருந்து மனுஷன் மேலிடத்துத் தபால் எது வந்தாலும் அதில் டிரான்ஸ்பர் என்ற வார்த்தை இருக்கிறதா என்றுதான் முதலில் தேடுவார்.

ஒருநாள் சுற்றறிக்கை ஒன்று வந்தது. அடுத்த மாதம் மேலதிகாரி அம்மா ஆய்வுக்கு வருகிறார். கீபோர்டு பராமரிப்பில் குறை இருந்தால் பொறுப்பாளருக்கு டிரான்ஸ்பர். வெயில் பட்டால் பிளாஸ்டிக் மஞ்சளாகுமாம், ஆகவே கீபோர்டில் வெயில் படக்கூடாது. எண்ணெய் விரல் பட்டால் பட்டன் தேய்ந்து பளபளக்குமாம், ஆகவே அதுவும் படக்கூடாது. பட்டன்கள் எல்லாம் ஒரே நிறமாக இருக்கவேண்டும்.

வெயிலுக்கு ஜன்னலை அடைத்து, கீபோர்டுக்கு மேலே குடையும் பிடித்தார்கள். விரலுக்குத்தான் யோசிக்க வேண்டியிருந்தது.

"எவன் விரல்ல எண்ணெய் இல்ல சார்? சோப்பு போட்டாலும் மறுபடி ஊறுதே" என்றான் பூவலிங்கம்.

"அப்போ விரலே வேண்டாம்" என்றார் வைகுண்டநாதன்.

சத்துணவுக்கூடத்திலிருந்து ஓர் அகப்பை வந்தது. அன்றுமுதல் பிறப்புச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ் எல்லாம் அகப்பைக் காம்பால்தான் தட்டப்பட்டன.

நிறம்தான் உதைத்தது. மற்ற பட்டன்களெல்லாம் பளிச்சென்ற வெள்ளை. வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி விடுகிற நீளப் பட்டனான ஸ்பேஸ்பார் மட்டும் மஞ்சக்காமாலை கண்டதுபோல இருந்தது.

"ஒண்ணை வெள்ளையாக்க நமக்குத் தெரியாது. நூறையும் மஞ்சளாக்கிருவோம். வெயில்தான் ஓசியில கிடக்கே!" என்றான் சேர்மக்கனி.

"யோவ், வெயில் படக்கூடாதுன்னு ஆர்டர் இருக்கு. என் குடியைக் கெடுக்காதே!"

"கீபோர்டுலதான் சார் படக்கூடாது. கழட்டிப்போட்ட பட்டன் கீபோர்டு ஆகுமா?"

வைகுண்டநாதன் சுற்றறிக்கையை மூணு தடவை படித்தார். ஆகாது என்றுதான் அவருக்கும் பட்டது. பட்டன்களைக் கழற்றி மொட்டைமாடியில் வற்றல் மாதிரி காயப்போட்டு, காக்கா விரட்டப் பூவலிங்கத்தை உட்கார்த்தி வைத்தார்கள். ஒரு மாதத்தில் பூவலிங்கம் கறுத்தான். பட்டன்கள் அப்படியே வெள்ளையாக இருந்தன. ஸ்பேஸ்பார் வேறு பிளாஸ்டிக், மற்ற பட்டன்கள் வேறு பிளாஸ்டிக் என்று இவர்களுக்கு யார் சொல்வது?

"அடப்பாவி, நாளைக்கு ஆய்வு!" என்று தலையில் கைவைத்தார் வைகுண்டநாதன்.

"மஞ்சளா இருக்கிற அந்த ஒருத்தனைத் தூக்கிட்டா, மிச்சம் எல்லாம் ஒரே நிறம்தானே சார்?" என்றான் சேர்மக்கனி.

ஸ்பேஸ்பார் பீரோவுக்குள் போனது. மிச்சத்தை எந்த வரிசையில் மாட்டுவது? ஒருவருக்கும் ஞாபகமில்லை. வைகுண்டநாதன் முப்பது வருஷ சர்வீஸ்காரர், அசரவில்லை. "பணிமூப்புப்படி மாட்டுங்கய்யா. எழுத்து ரொம்பத் தேய்ஞ்சவன் சீனியர், முன்வரிசை. எழுத்து அழியாம புதுசா இருக்கிறவன் வேலையே செய்யலேன்னு அர்த்தம், கடைசிக்குத் தள்ளு."

மறுநாள் மேலதிகாரி அம்மா வந்தார். குடையைப் பார்த்தார். அகப்பையைப் பார்த்தார். பட்டன்களின் நிறத்தைப் பார்த்தார். சுற்றறிக்கையை எழுதியதே அவர்தான். கண் கலங்கிவிட்டது.

"இருபது வருஷத்துல நான் சொன்னதைச் சொன்னபடி செஞ்ச ஒரே ஆபீஸ் இதுதான். உங்களை யாரும் இங்கிருந்து அசைக்க முடியாதபடி நானே ஆர்டர் போடறேன்" என்று அகப்பையை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித்தேடிக் குத்தினார். கண்ணாடி கொண்டுவர மறந்திருந்தார். அச்சில் வந்த தாளில் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, கார் ஏறிவிட்டார்.

தாளில் இடைவெளியே இல்லாமல் ஒரே ஒரு வார்த்தை இருந்தது: ஙொழுஞ்சூபைதௌக்ஷேமிழீப்பு.

"ஊர் பேரா இருக்குமோ?" என்றான் பூவலிங்கம்.

"கையெழுத்து இருக்கு, முத்திரை இருக்கு. ஊர் பேரேதான். போட்டுட்டாங்களே டிரான்ஸ்பரை!" வைகுண்டநாதன் நாற்காலியில் சரிந்து ஓவென்று அழுதார். பஸ் ஸ்டாண்டில் விசாரித்தார்கள். அப்படியொரு ஊருக்கு எந்த பஸ்ஸும் போகவில்லை.

கடைசியில் சேர்மக்கனிதான் வழி சொன்னான். "நீங்க அந்த ஊருக்குப் போகவேண்டாம் சார். ஊரை இங்க கொண்டுவந்துருவோம்."

அன்று சாயங்காலமே பழைய பெயர்ப்பலகையை இறக்கிவிட்டு, 'ஙொழுஞ்சூபைதௌக்ஷேமிழீப்பு பேரூராட்சி அலுவலகம்' என்று புதுப்பலகை மாட்டினார்கள். வைகுண்டநாதனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கோணவாய்க்காலிலிருந்து முறைப்படி தன்னைத்தானே விடுவித்துக்கொண்டார். புது ஊரில் போய்ச் சேர விதிப்படி ஏழு நாள் அவகாசம் உண்டு. அதையும் விடவில்லை.

எட்டாம் நாள் காலையில் சண்பகம் புளியோதரை கட்டிக்கொடுத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு வழியனுப்பினாள். வைகுண்டநாதன் பெட்டி படுக்கையோடு ஆபீசை ஒரு சுற்று சுற்றி, பின்வாசல் வழியாக உள்ளே நுழைந்து, அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"புது ஊர் எப்படி சார்?" என்று கேட்டான் பூவலிங்கம்.

"ஊர் பரவாயில்லைய்யா. இங்கே ஸ்டாஃப்தான் நம்ம கோணவாய்க்கால் ஆளுங்க மாதிரி புத்திசாலியா தெரியல."