ரூபஸ் முட்டினானா என்று மூன்று நடுவர்கள் விசாரித்தது

டொக்.

விளக்கு வைத்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. கொல்லையில் யாரோ இரண்டு முற்றின தேங்காயை மோதிப் பார்க்கிற மாதிரிச் சத்தம். எமில்டா மடியில் கிடந்த கைக்குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். புருஷன் கப்பலில். வீட்டில் ஆண்துணை என்று இருப்பது தம்பி ரூபஸ். அவனும் சாயங்காலத்திலிருந்து சோறு வேண்டாம் என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

மறுபடி டொக். "இது இல்லடே" என்றது ஒரு குரல்.

திருடன் என்றால் பேச மாட்டான், பேய் என்றால் யோசிக்காது என்று தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டு, தம்பியை எழுப்பி முன்னால் விட்டு, பின்கதவைத் திறந்து டார்ச் அடித்தாள். கொல்லை நடுவில் மூன்று பேர் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, சண்டைக் கிடா மாதிரி தலை குனிந்து நின்றிருந்தார்கள். கல்லூரி ஆட்டத்தின் நடுவர்கள்.

காரைமேட்டுக் கல்லூரிக்கு இந்த ஆட்டம் வந்த விதம் இதுதான். அமெரிக்காவில் இருக்கிற பழைய மாணவர் ஒருவர் ஹெல்மெட்டும் தோள்கவசமும் பெட்டி பெட்டியாக அனுப்பிவைத்தார். கூடவே முட்டை மாதிரி ஒரு பந்து. பேர் கால்பந்து, ஆனால் கையில் வைத்துக்கொண்டுதான் ஓட வேண்டும். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. விதிகளைத் தமிழாக்கி மூன்று நடுவர்களிடம் கொடுத்து, ஒரு எழுத்துப் பிசகாமல் நடக்கச் சொன்னார்கள். வம்பு அங்கேதான். அவர்கள் நடந்தார்கள்.

அன்று மதியம் அரையிறுதியில், பந்தோடு ஓடிவந்தவனை ரூபஸ் தோளால் சாய்த்தான். தலைமை நடுவர் கிதியோன் மஞ்சள் துணியை வீசி 'டார்கெட்டிங்' என்றார். தன்னைக் காத்துக்கொள்ள வழியில்லாதவனின் தலையைக் குறிவைத்து முட்டுகிற குற்றம் அது. முட்டியவன் வெளியேற வேண்டும். அடுத்த ஆட்டத்தின் முதல் பாதியும் அவனுக்கு இல்லை. அடுத்த ஆட்டம் மறுநாள் காலை இறுதிப்போட்டி. துறைமுக அலுவலகத்தில் விளையாட்டு வீரருக்கென்று வைத்திருக்கும் வேலைக்கு ஆள் பார்க்க வருகிற அதிகாரி, முதல் பாதியைப் பார்த்துவிட்டு ரயிலேறிவிடுவார். வேலை கிடைத்தால் ரூபஸ் வீட்டோடு இருப்பான். இல்லையென்றால் அவனுக்கும் கப்பல்தான். பிறகு இந்த வீட்டில் எமில்டாவும் குழந்தையும் தனியாக.

முட்டியதை எமில்டா போனில் படம் பிடித்திருந்தாள். அதைப் பார்த்து மறுவிசாரணை செய்யத்தான் வந்தார்களாம். வந்த இடத்தில், மதியம் கேட்ட சத்தம் தலையுடையதா தோளுடையதா என்று முதலில் முட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்வோம் என்று இரண்டாம் நடுவர் வியாகுலம் சொல்லியிருக்கிறார். ஆட்டத்தின்போது அவர் அந்த நேரம் பார்த்துத் தும்மிவிட்டதால், காதுதான் அவருக்குச் சாட்சி.

விசாரணை ஆடுகளத்துக்குள்தான் நடக்க வேண்டும் என்பது விதி. எமில்டாவிடம் கோலமாவு வாங்கிக் கொல்லையைச் சுற்றிக் கோடு போட்டார்கள். அதற்குள் முக்காலி போட்டு, அதன்மேல் செம்பில் போனைச் சாய்த்து வைத்தார்கள். மூன்றாமவரான பொன்னரசு விதியை வாசித்தார். மெதுவாகப் பார்க்க வேண்டும் என்றிருந்தது.

படம் ஓடியது. மூவரும் மெதுவாகத் தலையை நிமிர்த்தினார்கள். மெதுவாகக் கண்ணைத் திறந்தார்கள். படம் முடிந்திருந்தது.

"நீங்க அவசரப்பட்டுட்டீங்க" என்று கிதியோனைக் கடிந்துகொண்டார் வியாகுலம். இன்னும் மெதுவாகப் பார்த்தார்கள். இந்தத் தடவை கண் திறப்பதற்குள் போன் அணைந்தேவிட்டது.

படத்தையே மெதுவாக ஓட்டலாமே என்றாள் எமில்டா. ஆட்டம் வேகமாகத்தான் நடந்தது, படத்தைத் திருத்தினால் சாட்சியைக் கலைத்த குற்றம் என்றார் பொன்னரசு. ரூபஸ் கிணற்றுச் சுவரில் தலையை வைத்துக்கொண்டான். அதையும் ஒரு கண்ணால் கவனித்துக்கொண்டார் கிதியோன்.

அடுத்த விதி, எல்லாக் கோணத்திலிருந்தும் பார்க்க வேண்டும் என்பது. பொன்னரசு முருங்கைமரத்தில் ஏறினார். கிதியோன் முக்காலிக்கு அடியில் படுத்தார். வியாகுலம் போனுக்குப் பின்பக்கம் போய்ச் சப்பணம் கொட்டி உட்கார்ந்து, படம் முடியும்வரை இமைக்காமல் பார்த்தார்.

"என் கோணத்துல மாதா படம்தான் ஒட்டியிருக்கு. மாதா யாரையும் முட்டல. பையன் நிரபராதி."

ரூபஸ் முதல்முறையாகத் தலையைத் தூக்கினான். ஆனால் பொன்னரசு மரத்தில் இருந்தபடியே, முட்டுப்பட்டவன் காப்பில்லாதவனா என்று முடிவாகவில்லையே என்றார். அவன்தான் ஹெல்மெட், கவசம், உள்ளே ரெண்டு பனியன் போட்டிருந்தானே என்றார் கிதியோன். யோசித்துப் பார்த்ததில், களத்துக்குள் காப்பில்லாத ஆள் எமில்டாவின் குழந்தை ஒன்றுதான் என்று மூவரும் கண்டுபிடித்தார்கள். அதற்கு ஒரு ஹெல்மெட் மாட்டிவிட்டு மேலே பேசலாம் என்று கிதியோன் கிட்டே வந்தார்.

"பிள்ளையத் தொட்டா இதே முக்காலியால டார்கெட் பண்ணுவேன், அண்ணாச்சி" என்றாள் எமில்டா.

கிதியோன் பின்வாங்கி, கடைசி விதிக்கு வந்தார். சந்தேகம் இருந்தால் வெளியேற்று.

"உமக்குச் சந்தேகம் இருக்கா, வே?"

"இருக்கு" என்றார் வியாகுலம்.

"எதுல?"

"எனக்குச் சந்தேகம் இருக்கான்னு சந்தேகமா இருக்கு."

எமில்டாவுக்கு இவர் சந்தேகத்தில் தம்பி கப்பலேறிவிடுவான் போலிருந்தது. எந்தச் சத்தத்தைக் கேட்டுச் சந்தேகப்படுகிறீர்கள், மதியம் கேட்டதையா, சற்றுமுன் நீங்கள் மூன்று பேரும் தலையால் போட்டதையா என்று கேட்டாள்.

பொன்னரசு மரத்திலிருந்து இறங்கிவந்தார்.

"நாம தலையக் குறிபார்த்துத்தான முட்டினோம்?"

"ஆமா. தோள் படவே இல்ல."

"ஹெல்மெட் உச்சியால?"

"உச்சியாலதான்."

கிதியோன் கண் கலங்க மஞ்சள் துணியை எடுத்து வியாகுலத்தின்மேல் வீசினார். வியாகுலம் அதைப் பொறுக்கிப் பொன்னரசின்மேல் வீசினார். பொன்னரசு அதை மடித்து மரியாதையாகக் கிதியோன் காலடியில் போட்டார். வெளியேற்றப்பட்டவர்கள் களத்தை விட்டுப் போய் அறைக்குள் இருக்க வேண்டும், கண்ணில் படக் கூடாது. பக்கத்தில் இருந்த அறை எமில்டாவின் வீடு. மூவரும் ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தலை குனிந்து, வரிசையாக உள்ளே போனார்கள்.

"அண்ணாச்சி, நாளைக்கு நான் ஆடலாமா?" என்று ரூபஸ் ஜன்னலில் கேட்டான்.

வெளியேற்றப்பட்டவன் தீர்ப்புச் சொல்லக் கூடாது, களத்தில் மிச்சம் இருப்பவர்தான் நடுவர் என்று பதில் வந்தது. எமில்டா குனிந்து பார்த்தாள். கோலமாவுக் கோட்டுக்குள் நிற்பது அவளும் குழந்தையும் குற்றவாளியும்.

"ரூபஸ் ஆடலாம்."

"சந்தேகம் இருக்கா, தாயி?"

"கொஞ்சமும் இல்ல."

"அப்போ ஆடட்டும்." உள்ளே மூவரும் சந்தோஷமாகக் கைதட்டினார்கள்.

எமில்டா குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, ரொம்ப நன்றி, தொட்டில் உள்ளேதான் இருக்கிறது, எல்லோரும் வெளியே வாருங்கள் என்றாள்.

"அதெப்படிம்மா?" என்றார் கிதியோன். "நாளைக்கு முதல் பாதி முடியுற வரைக்கும் எங்களுக்கும் தடைதான? இனி நீதான நடுவர், விசில் ஜன்னல்ல இருக்கு, எடுத்துக்கோ. பிள்ளையோட இருட்டுல நிக்காம பத்திரமான இடமாப் பார்த்துப் போ."

கதவு சாத்திக்கொண்டது. யார் கூப்பிட்டாலும் திறந்துவிடாதே, காலம் சரியில்லை என்று வியாகுலத்துக்கு யாரோ சொல்வது கேட்டது. உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழுந்தது.