நீங்குவதற்கான காரணம்

மாதா கோயில் பங்குப் பள்ளியின் வாசலில் ஒரு பலகை இருந்தது. பத்தாம் வகுப்பில் ஆறு வருடமாக நூற்றுக்கு நூறு தேர்ச்சி. தாளாளராகப் புதிதாக வந்த பாதிரியார், பங்குச்சாமிகூட முதலில் அதைப் பார்த்துவிட்டுத்தான் கோயிலுக்குள் போனார்.

சவரிமுத்து சாரின் தூக்கத்தைக் கெடுத்தது அந்தப் பலகைதான்.

தலைமையாசிரியை சிஸ்டர் லெயோனிக்கு ஜூனில் மாற்றல். அவர் நாற்காலியில் அடுத்து உட்காரப் போகிறவர் சார். ஒரு வருடம் சிஸ்டரோடு இருந்து பழகிக்கொள்ளும்படி மேலிடம் சொல்லியிருந்தது. பன்னிரண்டு வயது இளையவரிடம் சீடனாக இருப்பது லேசில்லை. ஆனாலும் சார் நோட்டும் கையுமாகத்தான் திரிந்தார். நோட்டில் எழுத ஒன்றும் கிடைக்கவில்லை. எதைக் கேட்டாலும் சிஸ்டர், "நீங்களே செஞ்சு பாருங்க சார்" என்பார்.

மே மாதம் முதல் வாரம். சார் ஒரு டி.சி.யை நிரப்பி எடுத்துக்கொண்டு சிஸ்டரின் அறைக்குள் வந்தார்.

"ஒன்பதாம் வகுப்பு விண்ணரசிக்கு, சிஸ்டர். ஒரு கையெழுத்து."

விண்ணரசிக்குக் கணக்கில் பதினோரு மதிப்பெண். பாடம் நடத்தியவரும் சார்தான், திருத்தியவரும் சார்தான். மூன்று தடவை கூட்டிப் பார்த்தார். பதினொன்று பதினொன்றாகவே இருந்தது. இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பாஸ் போட்டு, ஒன்பதோடு வேறு பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளச் சொல்வது அங்கே பழக்கம். அப்படித்தான் நூறு நூறாகவே நின்றது.

சிஸ்டர் தாளை மேலிருந்து கீழாகப் படித்தார். ஒரு கட்டத்தில் விரலை வைத்தார்.

"நீங்குவதற்கான காரணம். இது காலியா இருக்கே?"

"எப்பவும் போல 'பெற்றோர் விருப்பம்'னு போட்டுருதேன்."

"விருப்பமான்னு கேட்டீங்களா?"

"ரிசல்ட் அன்னைக்கே அவ அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லிட்டேன் சிஸ்டர்."

"சொன்னீங்க. கேட்டீங்களா?"

சார் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். உச்சி வெயில். சாப்பாட்டுத் தூக்கு மேசையிலேயே இருந்தது. வண்டியைக் கிளப்பினார்.

விண்ணரசியின் அம்மா செசிலி உப்பளத்தில் வேலை செய்தாள். சாரைப் பார்த்ததும் கூடையை இறக்கி வைத்துவிட்டு வரப்புக்கு ஓடிவந்தாள். அவளுக்கு முன்னால் மகள் ஓடிவந்துவிட்டாள். லீவுக்கு அவளும் உப்பு சுமந்துகொண்டிருந்தாள்.

"குட் மார்னிங் சார்!" வகுப்பில் இழுப்பதுபோலவே இழுத்தாள். மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. "சார், பக்கத்து வீட்டு அக்கா பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் குடுத்துச்சு. அட்டைகூடப் போட்டுட்டேன். முதல் பாடம் எடுத்துப் பாத்தேன். ஒண்ணும் புரியல சார்."

அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். சாருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"ஏட்டி, நீ போய்த் தண்ணி குடி" என்று அம்மா அவளை அனுப்பினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அவகிட்ட இன்னும் சொல்லல சார். வாய் வரல."

"டி.சி.க்கு உங்களுக்குச் சம்மதமா? விருப்பமான்னு கேக்க வந்தேன்."

"என்ன சார் கேக்கீங்க? எந்த ஊர்ல பெத்தவளுக்கு இது விருப்பமா இருக்கும்? நீங்க படிச்சவங்க, சொல்லுதீங்க. எங்க போடணும் கையெழுத்து?"

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவுக்காக நீட்டினாள். துடைத்தும் விரல் இடுக்குகளில் உப்பு வெள்ளையாக இருந்தது.

சார் பேனாவை எடுக்கவில்லை. "பிறகு வாரேன்" என்று சொல்லிவிட்டு வண்டிக்குத் திரும்பினார்.

சிஸ்டர் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். "விருப்பம்னாங்களா?"

"இல்ல."

"அப்ப வேற காரணம் எழுதுங்க."

சார் வராந்தாவில் நடந்தார். இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக ஏழெட்டுத் தடவை. பிறகு உள்ளே வந்து, நின்றபடியே, 'படிப்பில் மிகவும் பின்தங்கியமை' என்று பென்சிலால் எழுதினார்.

"இதைப் பாத்துட்டு எந்தப் பள்ளிக்கூடம் சேக்கும் சார்?"

"சேக்க மாட்டாங்க."

"அப்ப விண்ணரசி எங்க போவா?"

சார் ரப்பரால் அழித்தார். வருடம் முழுக்க அடக்கி வைத்திருந்தது அப்போது வெளியே வந்துவிட்டது.

"உங்க காலத்துல இதெல்லாம் நடக்கலையா சிஸ்டர்? நீங்க கையெழுத்துப் போடலையா? ஆறு வருஷம் நூறு வாங்கிட்டு நீங்க போயிருவீங்க. என் முதல் வருஷத்துலயே பலகை விழணுமா? பேருக்கு நீங்க, பழிக்கு நானா?"

சிஸ்டர் கோபப்படவில்லை. எழுந்து பீரோவைத் திறந்து, பழைய டி.சி. புத்தகத்தை எடுத்து வந்து மேசையில் வைத்தார். கிழித்துக் கொடுத்தவை போக அடிக்கட்டைகள் மட்டும் இருந்தன. சில இடங்களில் காகிதத் துண்டு வைத்து அடையாளம் செய்திருந்தது. அந்தப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பெற்றோர் விருப்பம். பெற்றோர் விருப்பம். பெற்றோர் விருப்பம். கீழே எல்லாம் அவருடைய கையெழுத்து.

"பதினேழு பேர் சார். ஒரு அம்மாவையும் நான் போய்ப் பாக்கல."

 சாருக்கு வெட்கமாக இருந்தது. தன்னை நினைத்தா, அவரை நினைத்தா என்று பிரிக்க முடியவில்லை. கோபமும் முழுதாகப் போகவில்லை. அந்தக் கோபத்தோடேயே பேனாவைத் திறந்து, காலிக் கட்டத்தில் எழுதினார்:

'பள்ளியின் நூறு விழுக்காடு குறையாதிருக்க.'

எழுதிய தாளைத் தள்ளினார். சிஸ்டர் வாசித்தார். உடனே கையெழுத்துப் போட்டார். முத்திரையை மையில் ஒற்றி அழுத்தமாகக் குத்தினார்.

"நான் போட்டதுலயே இது ஒண்ணுதான் உண்மை. செசிலிக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும், படிக்கத் தெரியாது. நீங்களே வாசிச்சுக் காட்டிட்டுக் கொடுங்க."

சார் தாளை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனார். பலகைக்குக் கீழே நின்றார். வண்டிச் சாவியைத் துளையில் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். கடைசியில் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்.

மேசையில் தாளை விரித்து, குறுக்கே இரண்டு கோடு இழுத்து, 'ரத்து' என்று எழுதினார். 

"லீவு முடியறதுக்குள்ள முதல் பாடத்தையாவது அவளுக்குச் சொல்லிக் குடுத்துப் பாக்கேன்" என்றார். "ஆனா அவ தேறுவான்னு எனக்கு நம்பிக்கை இல்ல சிஸ்டர்."

"சரி."

"நூறு போயிருச்சுன்னா பங்குச்சாமி என்னைக் கூப்பிட்டுக் காரணம் கேப்பாரே?"

சிஸ்டர் அடிக்கட்டைப் புத்தகத்தை மூடினார்.

"கேக்கட்டும் சார். இந்தப் பதினேழுக்கும் என்கிட்ட ஒருத்தரும் கேக்கல."