வாடகை மண்ணில் வானம்

ஊருக்கு வெளியே ஒரு வாடகை மனையில் குடிசை போட்டு அறம்வளர்த்தாள் என்ற துறவி இருந்தாள். வயது நாற்பதைத் தொடவில்லை. அவளிடம் சீடராக வந்திருந்த சங்குமுத்துவுக்கு அறுபது தாண்டிவிட்டது. வாழ்நாள் முழுக்கக் கொத்தனார் வேலை பார்த்தவர். மனைவி இறந்த பிறகு இங்கே வந்து சேர்ந்தார்.

அங்கே வளர்ந்த கோழிகளைக் கீரி ஒவ்வொன்றாகக் கொண்டுபோனது. மிஞ்சியது ஒரு செவலைக் கோழி. அது இப்போது அடையில் இருந்தது.

“பொழுது சாயுறதுக்குள்ள இதுக்கு ஒரு கூடு வேணும், கொத்தனாரே. செலவு இழுக்காம முடிங்க” என்றாள் துறவி.

அவர் நூல் பிடித்தார். கடப்பாரையை எடுத்தார். குழி முழங்கால் ஆழம் இறங்கியபோது மனைக்காரர் ஞானதிரவியம் சைக்கிளில் வந்து நின்றார்.

“என்ன பெரியவரே, புதையலா?”

“வானம் தோண்டுறேன். கோழிக்கூட்டுக்கு.”

அஸ்திவாரக் குழியைக் கொத்தனார்கள் வானம் என்றுதான் சொல்வார்கள்.

“கோழிக்கு வானமா! மாடி எத்தனை?” ஞானதிரவியம் சிரித்தார். பிறகு துறவியிடம் குரலைத் தாழ்த்தினார். “கூடு வச்சுக்கிடுங்கம்மா, நான் தடுக்கல. வானம் மட்டும் வேண்டாம். நாளைக்கு என் மக வந்து வீடு கட்டணும்னா காலி பண்ணச் சொல்லுவேன். அப்ப ரெண்டு பேருக்கும் சங்கடம்.”

“மூடிடுறோம்” என்றாள்.

அவர் போனதும் சங்குமுத்து கடப்பாரையைத் தூக்கிப் போட்டார்.

“வானம் தோண்டாம நான் எதையும் கட்டினதில்ல. கோழியை யாருக்காவது கொடுத்துருங்க.”

“அடையில இருக்கிறதையா? போற வீட்டுல அது உக்காராது. முட்டையெல்லாம் கூமுட்டையாப் போயிரும்.”

“போகட்டும். இது நம்ம இடமா? எந்திரின்னா எந்திரிக்கணும். இங்க எதுக்குக் கட்டணும்?”

“இவ்வளவு கோபமும் கோழி மேலயா?”

அவர் குழியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

“ஊருக்கெல்லாம் வீடு கட்டினேன், அம்மா. நாங்க இருந்தது வாடகை வீடு. என் வீட்டுக்காரி போனப்ப, பொணத்தை உள்ள கொண்டு வரக் கூடாதுன்னுட்டாங்க. ஆஸ்பத்திரி வாசல்லயே பாடை கட்டினோம். ஒரு விளக்கை ஏத்தி வச்சு, அவ பக்கத்துல உக்கார எனக்கு இடமில்ல.”

துறவி எழுந்து உள்ளே போனாள். தான் படுக்கும் பலகைக் கட்டிலை இழுத்து வந்து வேப்பமரத்தடியில் போட்டாள்.

“இதுக்குக் கால் இருக்கு. உயரமா நிக்கும், கீரி அடியில குழி பறிச்சு வர முடியாது. சுத்தி வலை அடிங்க. மேல அந்தப் பழைய தகரம் போதும்.”

“நீங்க எங்க படுப்பீங்க?”

“தரையில. அதுக்கும் சேர்த்துத்தானே வாடகை வாங்குறார்.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குழியை மூடி மிதித்தார். கட்டிலின் மூலைகளில் மூங்கில் கட்டி, வலை அடித்து, தகரத்தை வைத்து, ஒரு கதவும் போட்டார்.

துறவி கோழியைக் கூடையோடு தூக்கி உள்ளே வைத்தாள். அது உறுமியது. விலகியிருந்த முட்டையொன்றை அலகால் இழுத்து வயிற்றுக்கடியில் சேர்த்துக்கொண்டது.

சங்குமுத்து கூட்டை ஆட்டிப் பார்த்தார். அசைந்தது.

“காலி பண்ணச் சொன்னா?”

“நீங்க ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். தூக்கிட்டுப் போவோம்.”

அவர் முகம் மாறியது.

“தூக்கிட்டுப் போறதுன்னா எனக்கு அந்தப் பாடைதான் ஞாபகத்துக்கு வருது, அம்மா. வானம் இல்லாம எது நிக்கும்?”

துறவி வலைக்கதவைத் திறந்தாள். அவர் கையைப் பிடித்துக் கோழியின் வயிற்றுக்கடியில் வைத்தாள். கோழி கொத்தவில்லை. உள்ளே சூடாக இருந்தது.

“தொட்டிலுக்கு யாராவது வானம் தோண்டுவாங்களா, கொத்தனாரே?”

அவர் கையை எடுக்கவில்லை.